அறுந்த நூலுக்கு ஒரு சைகை

ஜூலை 8, திங்கள்

பள்ளிப் பயிற்சி இன்று தொடங்கியது. கல்லூரிச் சீருடைப் புடவையை என் உடம்பில் நிறுத்த ஒரு டப்பா ஊக்கு தேவைப்பட்டது. அம்மா குத்திய ஊக்குகளில் ஒன்று புடவையோடு என்னையும் சேர்த்துக் குத்தியது. "டீச்சர்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள். தெரு முழுக்க நான் டீச்சராகிவிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் பி.எட். இரண்டாம் வருடம்தான். இந்தப் பயிற்சி முடிந்து, வெளியிலிருந்து தேர்வாளர் வந்து, அவர் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் அடுத்த வருடம் மறுபடி. எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். மறுபடி என்கிற வார்த்தையை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

எனக்குக் கிடைத்தது ஏழாம் வகுப்பு அறிவியல். வழிகாட்டி ஆசிரியர் ஆவுடைத்தாய் டீச்சர். பின்னால் உட்கார்ந்து நான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்வதைக் கேட்டார். கேட்க முயன்றார் என்பதுதான் சரி.

"என்னம்மா, பேசுதியா, மூச்சு விடுதியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் இருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

குரல் வரவில்லை. பனங்கற்கண்டு வாங்கினேன்.

ஜூலை 12, வெள்ளி

தறிக் கொட்டகைக்குப் பக்கத்தில் வளர்ந்த பெண் தொண்டை கிழியப் பேசுவாள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கொட்டகையில் யாரும் கத்துவதில்லை. விசைத்தறிச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. சாப்பாடு, சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் உதட்டிலும் கையிலும்தான் நடக்கும். அப்பா அங்கே தறி ஓட்டுகிறார், அம்மா தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேதான் படித்தேன்.

இன்று வகுப்பில் ஒரே இரைச்சல். எங்களுக்கும் ஆறாம் வகுப்புக்கும் நடுவில் ஒரு பீரோதான் சுவர். என் குரல் முதல் பெஞ்சைத் தாண்டவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றபோது என் கை தானாக மேலே போய், உள்ளங்கையைக் கீழே பார்த்து அழுத்தியது. தறியை நிறுத்து என்று அர்த்தம். இத்தனை வயதில் பொது இடத்தில் அதைச் செய்ததே இல்லை.

யாரும் நிறுத்தவில்லை. ஆனால் ஜன்னலோரப் பெண் திரும்பினாள். பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தவன் முதுகில் ஒன்று வைத்தாள். அவன் நிறுத்தினான்.

மதியம் ஆவுடைத்தாய் டீச்சர் சொன்னார். "அதுதான் சுபலெட்சுமி. காது சரியா கேக்காது. அரசாங்கத்துல காதுக்கருவி குடுத்திருக்கு, அவ அத காம்பஸ் டப்பாவுல வச்சிருக்கா. மாட்டினா ஆறாம் கிளாஸும் சேர்ந்து கேக்குதாம். அவளா ஒரு ஓரத்துல இருந்துக்கிடுவா. தொந்தரவு கிடையாது. நீ கவலைப்படாத."

கவலைப்படவில்லை.

ஜூலை 20, சனி

சனிக்கிழமைகளில் கல்லூரி. சிவசைலம் சாரின் உள்ளடக்கிய கல்வித் தாள். எல்லாக் குழந்தைகளையும் ஒரே வகுப்பில் வைத்துக் கற்பிப்பது எப்படி என்ற பாடம். சார் நல்லவர். யாரையும் திட்ட மாட்டார். நிமிர்ந்து பார்த்தால்தானே திட்டுவதற்கு. இரண்டாவது மாடியில், தலைக்கு மேலே மின்விசிறி தடதடக்க, நகலெடுத்த குறிப்புகளிலிருந்து வாசிக்கிறார், நாங்கள் எழுதுகிறோம். இன்று எழுதியது: "ஆசிரியர் ஒவ்வொரு மாணவரின் முகத்தையும் கவனித்துக் கற்பித்தல் வேண்டும்." அதை வாசித்தபோதும் சார் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வரி விசிறிச் சத்தத்தில் போய்விட்டது. நஸ்ரினிடம் கேட்டேன். எங்கள் இருவருக்கும் ஒரே பள்ளியில்தான் பயிற்சி. அவள் தமிழ், நான் அறிவியல்.

"எனக்கும் கேக்கல. 'வேண்டும்'னு முடிச்சிரு. எல்லா வரியும் அப்படித்தான் முடியுது."

சாரிடம் கேட்டிருக்கலாம். யாரும் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மின்சுற்றுப் பாடம். மின்கலம், கம்பி, விளக்கு. பாதியில் சுபலெட்சுமியின் முகத்தைப் பார்த்தேன். அவள் இப்போதெல்லாம் என்னைத்தான் பார்க்கிறாள், அதனால் பார்க்க வேண்டியிருக்கிறது. முகத்தில் ஒன்றும் இல்லை. புரிகிறதா என்று கேட்டால் எல்லோரையும் போலத் தலையாட்டுவாள். அதனால் இரண்டு ஆள்காட்டி விரல்களை நுனியோடு நுனி சேர்த்து வைத்துப் பட்டென்று பிரித்துக் காட்டினேன். நூல் அறுந்ததா?

கொட்டகையில் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் இதைக் காட்டலாம். காட்டினால் எந்த அவசரத்திலும் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவார்கள். யாரும் கோபப்பட மாட்டார்கள். நூல் என்றால் அறும்.

அவளுக்கு எப்படி விளங்கியதோ. சிறிது யோசித்துவிட்டு அதே மாதிரி விரல்களைச் சேர்த்துப் பிரித்தாள். கரும்பலகையில் கம்பி வரைந்த இடத்தைக் காட்டினாள். நான் அங்கிருந்து மறுபடி ஆரம்பித்தேன், கையால் கம்பியை ஓட்டிக்கொண்டே. விளக்கு எரிந்ததும் அவள் சிரித்தாள். படம்தான், எரியாது. ஆனாலும்.

அம்மா கேட்டாள்: "ஏளா வடிவு, சோத்துக்கு முன்னால எதுக்குத் தனியா சிரிக்க?"

ஆகஸ்ட் 14, புதன்

வினை. நூல் அறுந்த சைகையை வகுப்பு முழுக்கப் பிடித்துக்கொண்டது. முதலில் விளையாட்டுக்கு என்று நினைத்தேன். கைதூக்கி "புரியல டீச்சர்" என்று சொல்ல வெட்கப்படுகிற பிள்ளைகள் விரலைப் பிரிக்க வெட்கப்படுவதில்லை. எப்போதும் முதல் ஆளாகத் தலையாட்டும் கவியரசனுக்கு ஜூன் மாதத்திலிருந்தே எதுவும் புரியவில்லை என்பது இன்று தெரிய வந்தது. பாடம் எறும்பு மாதிரி நகர்கிறது.

சுபலெட்சுமி எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறாள். பேச்சில் இல்லை, கையில். புடவை முந்தானை நுனியைப் பிடித்து முறுக்குவது மாதிரி. ஏழாம் வகுப்பே என்னை அப்படித்தான் சொல்கிறதாம். நஸ்ரின் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் அதைச் செய்து காட்டினாள்.

நான் முந்தானையை முறுக்குவதே கிடையாது. இதை எழுதும்போது தாவணிகூட இல்லை, துண்டைத்தான் முறுக்கிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சிவசைலம் சார் வகுப்பைப் பார்வையிட வந்தார். வகுப்பு நன்றாகப் போனது என்று எனக்குப் பட்டது. நடுவில் மூன்று பேர் விரலைப் பிரித்தார்கள், நிறுத்தினேன், முடிச்சுப் போட்டேன், போனேன். சுபலெட்சுமி காதுக்கருவியை மாட்டியிருந்தாள், தானாகவே.

வகுப்பு முடிந்து சார் குறிப்பேட்டில் எழுதினார். "குரல் போதாது. தேவையற்ற கையசைவுகளைத் தவிர்க்கவும்." கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்னம்மா இது, வகுப்பா, தறிக் கொட்டகையா? தேர்வாளர் வரும்போது கையப் பின்னால கட்டிக்கிட்டு, குரலால நடத்துங்க."

சாருக்கு என் வீடு எங்கே என்று தெரியாது. வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆசிரியர் அறையில் இருந்தவர்களும் வேடிக்கையாகத்தான் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அவர் மேல் ஒன்றும் இல்லை.

அப்பா கேட்டபோது சார் நல்லா இருக்குன்னு சொன்னாங்க என்றேன். வாயால் சொன்னேன். அப்பா கையால் கேட்டிருந்தார்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ஆசிரியர்களாக நடித்தார்கள். கவியரசன் ஆவுடைத்தாய் டீச்சராக வந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தான், டீச்சரே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்து சுபலெட்சுமி, நானாக. யாரோ அக்காவின் துப்பட்டாவை முந்தானையாகப் போட்டிருந்தாள். முறுக்கினாள். உதட்டை மட்டும் அசைத்தாள். கையை வீசி மின்சாரம் ஓடவிட்டாள், நூலை அறுத்தாள், முடிச்சுப் போட்டாள். ஆறாம் வகுப்பும் பீரோவைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தது.

பிறகு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விளக்குக் கம்பம் மாதிரி அசையாமல் நின்றாள். வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நின்றுகொண்டே இருந்தாள்.

அது நேற்று, சார் சொன்னபடி நான் கையைக் கட்டிக்கொண்டு நடத்திய வகுப்பு. எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

கையைப் பின்னால் கட்டுவது இப்போது பழகிவிட்டது. பனங்கற்கண்டு, இஞ்சி, காலையில் உப்புத் தண்ணீர். குரல் மூன்றாவது பெஞ்சு வரை போவதாக ஆவுடைத்தாய் டீச்சர் சொன்னார். பாடமும் வேகமாக நகர்கிறது. யாரும் விரலைப் பிரிப்பதில்லை. எல்லோரும் தலையாட்டுகிறார்கள், கவியரசன் முதல் ஆளாக.

சுபலெட்சுமிதான் மறுபடி ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். காம்பஸ் டப்பா மேசை மேல் மூடி இருக்கிறது. அந்த வேப்பமரத்தில் அப்படி என்னதான் இருக்கிறதோ. நானும் இன்று போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. தறிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து ஓட்டாமல் விட்டிருக்கிறார்கள். வருடத்தில் சில நாட்கள்தான் எங்கள் வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும். ஊசி விழுந்தால் கேட்கும். ஆனால் அப்பா அம்மாவிடம் சுண்டலில் உப்பு இல்லை என்பதைக் கையால்தான் சொன்னார். அம்மா பதிலுக்குக் காட்டியதை இங்கே எழுத முடியாது.

"சத்தம்தான் இல்லையே, வாயால பேசுங்களேன்" என்றேன்.

அம்மா என்னை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "வாயால சொன்னா, சொல்லிட்டு அங்கிட்டுப் போயிருவாரு. கையால சொல்லணும்னா என் மூஞ்சியப் பாக்கணும்லா."

சுண்டலில் நிஜமாகவே உப்பு இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

செவ்வாய்க்கிழமை செய்முறைத் தேர்வு. பாடம், ஒளி எதிரொளித்தல். ஆவுடைத்தாய் டீச்சர் ஏற்பாடுகளைச் சொன்னார். இது எல்லாப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தானாம். 'பி' பிரிவிலிருந்து நன்றாகப் பதில் சொல்கிற பிள்ளைகள் சிலரை முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பது. சுணங்குகிறவர்களை விளையாட அனுப்புவது.

"சுபலெட்சுமிய நூலகத்துல உக்கார வச்சிருவோம். படப் புத்தகம் குடுத்தாப் போதும், சத்தமே இருக்காது. உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். தேர்வாளர் அவகிட்ட ஒரு கேள்வி கேட்டு, அவ முழிச்சா, உன் மார்க்குல்லா போகும்."

"சரி டீச்சர்" என்றேன்.

திரும்பி வரும்போது நஸ்ரினிடம் இதைச் சொன்னேன். பேருந்து நிறுத்தம் வந்ததும் கேட்டாள்: "வடிவு, உள்ளடக்கிய கல்வி டெஸ்ட்ல உனக்கு எவ்வளவு? நீதான முதல் மார்க்கு?"

பேருந்து வந்துவிட்டது.

அக்டோபர் 21, திங்கள்

ஒத்திகை. முன் வரிசை எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னது. நான் கேட்பதற்கு முன்பே சில.

அக்டோபர் 22, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வகுப்பு தொடங்கச் சற்று முன்னால், சோதனைக்கு வைத்திருந்த சமதளக் கண்ணாடி நூலகத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. நேற்று நான்தான் அங்கே வைத்திருந்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. எடுக்கப் போனேன். சுபலெட்சுமி படப் புத்தகத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைக் கூப்பிடவில்லை. ஒரு கையில் கண்ணாடி இருந்தது, மற்றக் கை கொஞ்சம் அசைந்திருக்கலாம். அவள் எழுந்து பின்னாலேயே வந்துவிட்டாள்.

ஆவுடைத்தாய் டீச்சர் வாசலில் நின்று அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் தேர்வாளர் அம்மா வந்துவிட்டார். நரைத்த தலை, கெட்டிக் கரைச் சேலை, சிரிக்காத முகம். நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். அது சுபலெட்சுமியின் இடம். சுபலெட்சுமி அவரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லித் தட்டிக் காட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிவசைலம் சார் கதவோரம் நாற்காலியில்.

கையைப் பின்னால் கட்டினேன். தொடங்கினேன். படுகதிர், எதிரொளித்த கதிர், படுகோணம். முன் வரிசை பதில் சொன்னது. தேர்வாளர் அம்மா காதருகே கையைக் குவித்து எட்டிக் கேட்டார். எதையோ எழுதினார். என் குரல் சிறுத்துக்கொண்டே போனது, ஆழக் கிணற்றில் விட்ட வாளி மாதிரி. இன்னும் அரை மணி நேரம் இப்படியே ஓட்டிவிட்டால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி பெஞ்சில் இரண்டு விரல்கள் மேலே வந்தன. சேர்ந்தன. பிரிந்தன.

பார்க்காத மாதிரி இருந்தேன். ஒரு வரி சொன்னேன். கவியரசன் அவளைத் திரும்பிப் பார்த்தான். தலையாட்டிக்கொண்டிருந்தவன் அதை நிறுத்திவிட்டு இரண்டு விரலையும் தூக்கினான். பிறகு நடு பெஞ்சில் இரண்டு பேர். முன் வரிசையில் 'பி' பிரிவுப் பெண் ஒருத்திக்கு இதெல்லாம் தெரியாது, பதில் மட்டும்தான் தெரியும். அவளும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏதோ நல்ல பழக்கம் போலிருக்கிறது என்று தானும் செய்தாள்.

நான் தறிக்காரர் மகள். நூல் அறுந்ததைப் பார்த்த பிறகு தறியை ஓடவிட என்னால் முடியாது. இது கல்லூரியில் படித்த கொள்கை இல்லை, சின்ன வயதிலிருந்து உள்ள பயம். அறுந்த நூலோடு ஓடினால் அந்த இடத்திலிருந்து துணி முழுக்கக் கீறல் விழும், அப்பாவின் முகம் அன்றைக்கு நன்றாக இருக்காது.

கை முன்னால் வந்துவிட்டது. உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினேன். சுபலெட்சுமியைக் கேட்டேன், எங்கே? படுகோணத்தைக் காட்டினாள். மேசை இழுப்பறையில் சிவப்பு நூல்கண்டு இருந்தது. ஒரு நுனியை அவளிடம் கொடுத்தேன், கண்ணாடியில் ஒரு புள்ளியைத் தொட்டு இழுத்து மறு நுனியைக் கவியரசனிடம் கொடுத்தேன். கண்ணாடிப் புள்ளியில் செங்குத்தாக ஒரு அளவுகோலை நிறுத்தினேன். நூல்தான் ஒளி. அவளை நகரச் சொன்னேன். அவள் நகர்ந்தால் அவன் எங்கே நிற்க வேண்டும்? அவன் தப்பான இடத்தில் நின்றான். கண்ணாடியில் அவள் முகம் அவனுக்குத் தெரியவில்லை. அவள் அவனைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் நிறுத்தினாள். தெரிந்தது. இரண்டு கோணமும் ஒன்று என்பதை அவள் கையை விரித்துக் கையை விரித்து எல்லோருக்கும் காட்டினாள். நான் ஏதோ பேசினேனா என்று நினைவில்லை.

மணி அடித்தபோது பாதிப் பாடம் முடியவில்லை.

பிறகு நேர்முகம். தேர்வாளர் அம்மா மேசைக்குப் பின்னால், பக்கத்தில் சிவசைலம் சார்.

"அந்த ரெண்டு விரல், அது என்னம்மா?"

சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தபடியே இரண்டு விரலையும் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். நான் சொன்னதில் பாதிதான் கேட்டதாம். முகத்தில் சிரிப்பே இல்லை.

மறுபடி சொன்னேன், கையோடு சேர்த்து.

"பக்கத்துல இருந்த பிள்ள எனக்கும் நடுவுல ஒருக்கா காட்டுச்சு. எதுக்குன்னு இப்பதான் தெரியுது. நான் எழுதிக்கிட்டே இருந்தேன்லா, நிறுத்தச் சொல்லியிருக்கு. எங்க படிச்சீங்க இத? எந்தப் பயிற்சியில?"

சிவசைலம் சார் தன் குறிப்பேட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"தறிக் கொட்டகையில" என்றேன்.

சாதாரணமாகத்தான் சொன்னேன். வராந்தா கடைசி வரைக்கும் கேட்டதாக நஸ்ரின் சொல்கிறாள். அவளுக்கு எதையும் பெரிதாக்கும் பழக்கம்.

அக்டோபர் 23, புதன்

ஆவுடைத்தாய் டீச்சர் காலையில் என்னிடம் பேசவில்லை. மதியம் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தபடி, "கண்ணாடிய நூலகத்துல வைக்கிற ஆளு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு அவருடைய பீட்ரூட் பொரியலில் பாதி என் இலையில் விழுந்தது.

கடைசி பெஞ்சு முதல் பெஞ்சாகிவிட்டது. டீச்சரே நகர்த்திப் போட்டிருக்கிறார். சுபலெட்சுமிக்குக் கோபம். அங்கிருந்து வேப்பமரம் தெரியாதாம்.

நவம்பர் 4, திங்கள்

தேறிவிட்டேன். குரலுக்கு உள்ள மதிப்பெண்ணில் பாதிதான். மற்றதில் எல்லாம் நிறையப் போட்டிருக்கிறார்கள். கொட்டகை வாசலில் நின்று அப்பாவுக்குக் கையால் சொன்னேன். அவர் தறியை நிறுத்திவிட்டார், நூல் எதுவும் அறாமலே. பக்கத்துத் தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன.

நவம்பர் 9, சனி

கல்லூரி. இரண்டாவது மாடி. சிவசைலம் சார், நகலெடுத்த குறிப்புகள், மின்விசிறி. "உள்ளடக்கிய வகுப்பறை என்பது யாதெனில்" என்று தொடங்கினார். எழுதத் தொடங்கினோம். அது என்ன என்பது விசிறியில் போய்விட்டது. எல்லோரும் 'வேண்டும்' போட்டு முடிக்கக் காத்திருந்தோம்.

என் கை மேசைக்கு மேலே இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. விரல்கள் சேர்ந்து பிரிந்தன. கீழே இறக்குவதற்குள் பக்கத்தில் நஸ்ரினின் கை, அப்புறம் பின்னால், அப்புறம் சுவரோரம். அவள் பேருந்திலேயே எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

சார் இன்னும் இரண்டு வரி வாசித்தார். பிறகு, அறை ஏதோ போல இருப்பது தெரிந்திருக்க வேண்டும், நிமிர்ந்தார். எங்கள் எல்லோரையும் பார்த்தார். சாரின் கண்கள் பழுப்பு நிறம் என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது.

எழுந்து போய் விசிறியை நிறுத்தினார்.

"எந்த வரியில அறுந்துச்சும்மா?" என்றார் என்னிடம்.

முறுக்கிக்கொண்டிருந்த முந்தானையை விட்டேன்.

"முதல் வரியிலயே சார்."

சார் குறிப்புகளை மூடி மேசை மேல் வைத்துவிட்டு, மேசையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்தார்.